ஆமாஞ்சாமி சொன்ன இல்லை

சலூன் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டால், அதன் பிறகு அவர் சொல்வதெல்லாம் சரி. நம் சலூன்காரரின் தொழில் தர்மம் அது.

"இந்த வருஷம் வெயில் ரொம்ப ஓவர்ண்ணே" என்பார் நாற்காலியில் இருப்பவர்.

"ஆமா, ஓவர்தான்."

அவர் எழுந்து போவார். அடுத்தவர் வந்து உட்காருவார். "போன வருஷத்துக்கு இந்த வெயில் எவ்வளவோ தேவலை, இல்லையாண்ணே?"

"ஆமா, தேவலைதான்."

பெஞ்சில் காத்திருந்த பால்காரருக்கு இதைக் கேட்டுப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இப்பத்தானே அவருகிட்ட ஓவர்னு சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

"ரெண்டும் எப்படிண்ணே சரியாகும்?"

"ஆமா, அது எப்படி ஆகும்?" என்று அதையும் ஒப்புக்கொண்டு, சீப்பைத் தண்ணீரில் நனைத்தார் சலூன்காரர்.

அன்று பால்காரர் வைத்த பெயர்தான் ஆமாஞ்சாமி. கடைப் பலகையில் வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அவரைக் கேட்டால் அதற்கு ஒரு நியாயம் சொல்வார். மறுத்துப் பேசினால் ஆள் தலையைத் திருப்புவான். தலையைத் திருப்பினால் காது போகும். காது போனால் கடை போகும். ஆகவே ஆமாம். கடையில் இந்த நியாயம் செல்லுபடியானது உண்மைதான். ஆனால் மனிதர் கத்தரியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அதையே அல்லவா தொடர்ந்தார்! வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் ஆமாம், பக்கத்து வீட்டார் நம் வாசலில் வண்டியை நிறுத்தினாலும் ஆமாம்.

அவருக்கு வாய்த்த மனைவியோ நேர் எதிர். தையல் யூனிட் ஒன்றில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, காலரைத் திருப்பி, பட்டன் துளையைப் பார்த்து, "ஆகாது" என்று தூக்கிப் போடுவாள். நாள் முழுக்க ஆகாது, ஆகாது என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். 'ஆமாம்' ஒன்றும் 'ஆகாது' ஒன்றும் ஒரே கூரையின் கீழ் எப்படித்தான் குடித்தனம் நடத்தினவோ! எப்படியோ நடத்தின. அவள் ஆகாது என்பாள், அவர் ஆமாம் என்பார், சண்டைக்கு இடமே இல்லை.

இந்த இருவருக்கும் ஒரே மகள். வீட்டில் அவள் பாப்பா. வெளியே அவள் இங்கிலீஷ் டீச்சர்.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு பயிற்சிக்கூடத்தில் அவள் மாலை வகுப்பு எடுத்தாள். வருகிறவர்கள் எல்லாம் வேலை பார்க்கும் பெரியவர்கள். நர்ஸ் ஒருத்தி, லாரி டிரைவர் ஒருவர், அடுக்குமாடி வாசலில் காவல் இருப்பவர், இப்படி. ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது என்று ஆமாஞ்சாமி குடையோடு மாடி ஏறினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே அந்த லாரி டிரைவர் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். வார்த்தை வரவில்லை. கை நடுங்கியது. பாப்பா எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அப்படியே காத்திருந்தாள். கடைசியில் அந்த மனிதர் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தபோது வகுப்பே கைதட்டியது. டிரைவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் ஆமாஞ்சாமிக்குக் கண் கரித்தது. முடி விழுந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், குடைக்குள்ளே, மகள் சொன்னாள்: "அப்பா, இந்த வேலை எனக்கு உசுருப்பா."

"ஆமா கண்ணு" என்றார். அந்த ஆமாம் மட்டும் தொழில் ஆமாம் இல்லை.

அதே பயிற்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற பையன் ஒருவன் இருந்தான். நல்ல பையன். தமிழ் அவனுக்குத் தாய்மொழி இல்லை, இருந்தாலும் பாப்பாவுக்காகவே உருட்டி உருட்டிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தான். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஆமாஞ்சாமி ஆமாம் என்றார். அதில் ஆச்சரியமில்லை. செக்கிங் அம்மாள் பையனை வரவழைத்து, உட்காரவைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், இது போகலாம்" என்றாள். அதுதான் ஆச்சரியம்.

தடை வந்தது பையனின் அப்பா வடிவத்தில்.

அவர் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் அவர் வாயைத் திறந்தால் 'யெஸ் சார்' என்ற ஒரு பதிலைத் தவிர வேறு எதுவும் காதில் விழுந்ததில்லையாம். மனைவி இறந்துவிட்டாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவருடைய பாஷை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நடுவில் பாலமாக இருப்பது இங்கிலீஷ் ஒன்றுதான்.

"நாங்க ரெண்டு பேரும் மொழிபெயர்த்துச் சொல்றோம்னு சொன்னேன்பா. வேணாமாம்" என்றாள் மகள். "பிள்ளைங்க தங்களுக்குத் தோதா மாத்திச் சொல்லுவாங்க, பொண்ணோட அப்பாகிட்ட நானே நேரா பேசணும்கிறாராம்."

"என்கிட்டயா?" என்றார் ஆமாஞ்சாமி. "இங்கிலீஷ்லயா?"

"அது மட்டுமில்லப்பா." மகளின் குரல் இறங்கியது. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலையை விட்டுடணும்னு கேக்கப் போறாராம். இவருக்கு அவங்க அப்பா முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது. நீங்கதான் முடியாதுன்னு சொல்லணும். நீங்க சரின்னு தலையாட்டிட்டா, எனக்கு வேலை போகும். இல்ல, கல்யாணம் போகும். சொல்லுவீங்களாப்பா?"

"ஆமா, சொல்றேன்" என்றார் அவர்.

"ஆமாவாம்!" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "முடியாதுன்னு சொல்றதுக்கே இவரு ஆமான்னுதான் ஆரம்பிக்கிறாரு. வெளங்கின மாதிரிதான்."

மறுநாளே வீட்டில் வகுப்பு தொடங்கியது. அடுப்படி வாசலில் மகள் நின்றாள், அப்பா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

"அவர் ஏதாவது சொன்னா, 'நானும்தான்'னு சொல்லத் தெரிஞ்சா போதும்பா. பாதிப் பேச்சு அதுலயே ஓடிரும். இப்ப நான் சொல்றேன். ஐ லைக் டீ."

"ஸோ டூ ஐ."

"சூப்பர். ஐ டோன்ட் லைக் டீ."

"ஸோ டூ ஐ."

"அய்யோ, இல்லப்பா! 'டோன்ட்' வந்துச்சுல்ல? இல்லைன்னு வந்தா 'நைதர் டூ ஐ.'"

ஆமாஞ்சாமி வாளிமேல் சிந்தனையில் ஆழ்ந்தார். "நீ டீ பிடிக்கும்னாலும் நான் 'எனக்கும்'னு சொல்லுவேன். பிடிக்காதுன்னாலும் 'எனக்கும்'தான். நம்ம பாஷையில ஒரே ஆளு ரெண்டு வேலையும் பாக்கிறான். இவங்க எதுக்கும்மா இதுக்கு ரெண்டு பேரை வச்சிருக்காங்க?"

"அதெல்லாம் கிடக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்களுக்கு டீ பிடிக்குமா, பிடிக்காதா? முதல்ல அதைச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். இத்தனை வருஷமாக யார் எதைக் குடிக்கலாம் என்றாலும் குடித்து வந்தவர். "நீ என்ன சொல்றே?" என்று மனைவியையே கேட்டார்.

அடுத்த பாடம் இன்னும் கஷ்டம். "ஒருத்தர் 'இல்லை'ன்னு ஒன்னு சொல்றாரு. நீங்க அதை ஒத்துக்கணும்னா, இங்கிலீஷ்ல 'நோ'ன்னு சொல்லணும். 'யெஸ்'னு சொன்னா, நீ சொல்றது தப்பு, அது நடக்கும்னு எதிர்த்துப் பேசறதா அர்த்தம்."

"ஒத்துக்கிறதுக்கு நோவா?" அவர் பதறிவிட்டார். "மனுஷன் முகத்துக்கு நேரா நோன்னு சொல்லிட்டு, 'இல்லைங்க, நான் உங்க பக்கம்தான்'னு சொல்றதா? என்ன மரியாதைம்மா இது?"

கடையிலும் பயிற்சி நடந்தது. பால்காரர் ஷேவிங்குக்கு வந்து, முகம் நிறைய நுரையோடு, "என்னைப் பத்தி யார் என்ன வேணா பேசட்டும்ணே. நான் பால்ல தண்ணி கலக்கறதே இல்லை" என்றார்.

"நைதர் டூ ஐ" என்றார் ஆமாஞ்சாமி பெருமையோடு.

பால்காரர் நுரையோடு திரும்பினார். நல்லவேளை, பிளேடு எட்டத்தில் இருந்தது. "திட்டுறீங்களாண்ணே?"

"இல்லப்பா. நானும் கலக்கறதில்லைன்னு சொன்னேன்."

"நீங்க ஏண்ணே கலக்கணும்? உங்ககிட்ட ஏது பாலு?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

முன்னறையில் கட்டிலை மடக்கி வைத்து இடம் செய்திருந்தார்கள். இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றை ஆமாஞ்சாமி பீரோவுக்கு எதிரே திருப்பிப் போட்டார். பீரோக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. எதிராளியைக் கண்ணாடியில் பார்த்தபடி பேசியே பழகியவர். நேருக்கு நேர் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது.

கப்பல்காரர் வந்தார். உயரம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, விறைப்பான மீசை. ஆமாஞ்சாமியின் கண் முதலில் போனது அவருடைய காதோர முடிக்குத்தான். இடதுபக்கம் ஒரு விரல் அளவு அதிகமாக இறங்கியிருந்தது. யாரோ அவசரத்தில் வெட்டியிருக்கிறான். பையன் அப்பாவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். பாப்பா அடுப்படி வாசலில், அம்மா அவளுக்குப் பின்னால்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஆமாஞ்சாமி பழக்கதோஷத்தில் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். கப்பல்காரர் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, பக்கத்து நாற்காலியில வந்து உக்காருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மகள்.

பேச்சு தொடங்கியது. தனக்கு வளவளவென்ற பேச்சு பிடிக்காது என்றார் கப்பல்காரர் இங்கிலீஷில்.

"ஸோ டூ ஐ!" என்றார் ஆமாஞ்சாமி. தனக்கு வளவளப்பு மிகவும் பிடிக்கும் என்று சொல்லிவிட்டது அவருக்குத் தெரியாது. விருந்தாளியின் புருவம் ஒன்று ஏறியது.

நல்ல காற்றோட்டமான வீடு, எனக்குக் காற்று பிடிக்கும் என்றார் அவர்.

"நைதர் டூ ஐ!"

எனக்கும் காற்றைக் கண்டால் ஆகாது! விருந்தாளியின் இன்னொரு புருவமும் ஏறியது. பாப்பா இருமினாள். பையன் நகர்ந்து போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்தினான்.

கப்பல்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அது வரப்போகிறது என்று. பாப்பா முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"ஆஃப்டர் மேரேஜ்" என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக, "ஷி வில் நாட் வொர்க்."

ஆமாஞ்சாமிக்கு அது தெளிவாகப் புரிந்தது. 'வொர்க்' தெரிந்த சொல், 'நாட்' தெரிந்த சொல். முடியாது என்று சொல்ல வேண்டிய கணம் அதுதான் என்பதும் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறது, அவர் ஒன்று சொல்கிறார். ஆயுள் முழுக்கப் பழகிய நாக்கு, மனம் வந்து தடுப்பதற்கு முன்னால், தானாகவே வேலையை முடித்துவிட்டது.

"யெஸ் சார்."

ஆமாம் அய்யா, போகமாட்டாள். அதைத்தான் அவர் சொன்னார். ஐயோ, பெற்ற மகளின் உயிரை ஒரு சொல்லில் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

ஆனால் இதென்ன? கப்பல்காரர் முகம் சிவந்தது. "ஷி வில் நாட்" என்றார் இன்னும் அழுத்தமாக.

"யெஸ், யெஸ் சார்" என்றார் இவர், அவரைச் சமாதானப்படுத்தும் பணிவோடு.

கப்பல்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பையன் வாயைப் பிளந்தான். பாப்பா ஓடி வந்து அப்பாவின் தோளைப் பற்றினாள். அவள் கண்களில் நீர் தளும்பியது.

"அப்பா! நீங்களா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை! 'அவ போவா'ன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டீங்களே! நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவே இல்லியா நீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன பாடம்! ஒத்துக்கொள்ள 'நோ'. எதிர்க்க 'யெஸ்'. கோழைத்தனமாகத் தலையாட்டியவர் வீரராகியிருக்கிறார். மகள் தோளைப் பிடித்திருக்கிறாள். அந்தக் கையின் சூடு அவரைச் சுட்டது.

"குடிக்கத் தண்ணி" என்று முனகிவிட்டு அடுப்படிக்குள் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள். அவரை ஏதோ புதுச் சட்டையைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவால்லியே! உங்ககிட்ட இப்படி ஒரு தையல் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

பொய்யான புகழை மற்ற யாரிடம் வாங்கினாலும் செக்கிங் அம்மாளிடம் வாங்க முடியாது. சொல்லிவிட்டார். "நான் எதிர்த்துப் பேசலைம்மா. ஆமான்னுதான் சொன்னேன். அவ வேலைக்குப் போகமாட்டான்னு ஒத்துக்கிட்டேன். அது இங்கிலீஷ்ல தலைகீழா விழுந்துருச்சு."

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினாள். பிறகு, கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னாள். "அப்ப இங்கிலீஷ் காப்பாத்தியிருக்கு. பெத்த அப்பன் காப்பாத்தலை."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"போங்க" என்றாள். "அந்தப் பொண்ணு அங்க நின்னு அழுதுக்கிட்டே சிரிக்குது. அதைப் பொய்யாக்கிடாதீங்க. போய் நிஜமா சொல்லிட்டு வாங்க."

ஆமாஞ்சாமி தண்ணீரைக் குடிக்காமலேயே திரும்பினார்.

முன்னறையில் கப்பல்காரர் தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் வந்து அமர்ந்ததும் கையை உயர்த்தினார். ஒருவேளை நான் சொன்னது உங்களுக்குப் புரியாமல் போயிருக்கலாம், மறுபடி ஒருமுறை கேட்கிறேன் என்ற பாவனை. "ஷி வில் நாட் வொர்க். வில் ஷி?"

இந்த முறை ஆமாஞ்சாமி கண்ணாடியைப் பார்க்கவில்லை. அந்த மீசையை, அந்தக் கண்களை, நேருக்கு நேர் பார்த்தார். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்த அத்தனை இல்லைகளையும் ஒன்றாகத் திரட்டினார். நடக்காது அய்யா! என் பிணத்தின் மேல்தான்! மனம் கர்ஜித்தது. வாய் முழங்கியது:

"நோ சார்!"

கப்பல்காரர் முகம் மலர்ந்தது. "குட்! வெரி குட்!" என்று எழுந்து, கையை நீட்டி, இவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார்.

பாப்பா முகம் செத்துப்போயிற்று. "என்னப்பா! இப்படிக் கவுத்துட்டீங்களே!"

"நான் முடியாதுன்னுதானே சொன்னேன்!"

"இல்லப்பா, சரின்னு சொல்லிட்டீங்க!"

"நோன்னா முடியாதுதானே?"

"இங்க நோன்னா சரி!"

பாவம் மனிதர். ஒத்துக்கொண்டபோது எதிரியாக்கினார்கள், எதிர்த்தபோது கைகுலுக்குகிறார்கள். கை இன்னும் அந்தப் பெரிய கைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தது. அதை மெல்ல உருவிக்கொண்டார். ஒரு சொல் பதிலெல்லாம் இனி வேண்டாம். யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். அந்த லாரி டிரைவர் எழுந்து நின்றது போல அவரும் எழுந்து நின்றார். கை நடுங்கியது. பாப்பா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். காத்திருந்தாள்.

"மை டாட்டர்" என்றார். நிறுத்தினார். மூச்சு விட்டார். "ஷி… வில்… வொர்க். ஆஃப்டர் மேரேஜ். வொர்க்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது.

கப்பல்காரர் மெதுவாக உட்கார்ந்தார். இந்த முறை கோபத்தில் சிவக்கவில்லை. ஒரு மனிதர் தன் எதிரே நின்று முடியாது என்று சொல்வது அவருக்கே புது அனுபவமாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஐ டோன்ட் அக்ரீ."

"நைதர் டூ ஐ" என்றார் ஆமாஞ்சாமி.

எனக்கு இதில் சம்மதமில்லை. எனக்கும்தான்!

"கரெக்ட்!" என்று கத்திவிட்டாள் பாப்பா. வகுப்பில் சொல்லிப் பழகிய வாய், சமய சந்தர்ப்பம் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையனுக்கு அடக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து சிரித்தான். கப்பல்காரர் மகனை முறைத்தார், பாப்பாவை முறைத்தார், எதிரே நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து நிற்கும் குட்டை மனிதரைப் பார்த்தார். மீசை ஒருமுறை துடித்தது. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு. பீரோக் கண்ணாடி அதிர்ந்தது.

சிரித்து முடித்ததும் அவர் முகம் வேறு மாதிரி ஆயிற்று. மகனைப் பக்கத்தில் அழைத்துத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். நீளமாக. பையன் தமிழில் உருட்டினான்.

"அப்பா சொல்றாரு… அவர் கடல்லேர்ந்து எப்ப வீட்டுக்கு வந்தாலும் எங்கம்மா கதவைத் திறப்பாங்க. சாவி வச்சுக்கவே மாட்டாரு. இப்ப சாயந்திரம் வாக்கிங் போயிட்டு வந்தா, அவரே பூட்டைத் திறந்து உள்ள போகணும். அது… அதுதான் அவருக்குப் பிடிக்கலை. மருமக வீட்ல இருந்தா கதவைத் திறப்பாங்கன்னு நினைச்சாரு. வேற ஒன்னும் இல்லை."

ஐயோ! இளகிய மனசுக்காரரிடம் இதையா சொல்வது? ஆமாஞ்சாமியின் தொண்டைக்குள் ஓர் ஆமாம் உருண்டு திரண்டு மேலே வந்தது. இது பயத்தில் வந்த ஆமாம் இல்லை, இரக்கத்தில் வந்தது. பயத்தை மென்று விழுங்கிவிடலாம், இதை எப்படி விழுங்குவது? கப்பல்காரர் தலையைக் குனிந்திருந்தார். அடுப்படி வாசலிலிருந்து மனைவி பார்த்தாள். பாப்பா பார்த்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அவர்கிட்டச் சொல்லுங்க" என்றார். "இல்லைங்க. அது மட்டும் முடியாதுங்க. சாயந்திரம் என் பொண்ணு கிளாஸ்ல இருப்பா. ஆனா சாயந்திரம் முழுக்க என் கடை திறந்திருக்கும். பெஞ்சு இருக்கு, ஃபேன் இருக்கு. பால்காரரு ஒருத்தரு வருவாரு, பேச்சுக்குப் பேச்சு மடக்குவாரு. அய்யா அங்க வந்து உக்காரட்டும். பாப்பா கிளாஸ் முடிஞ்சு வந்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போகட்டும். அப்ப அவளே முன்னாடி போய்க் கதவைத் திறப்பா."

பையன் சொன்னான். கப்பல்காரர் நிமிரவில்லை. அப்படியே ஒரு கேள்வி கேட்டார். பையன் தயங்கினான்.

"கடையில… அவர் சொல்றதுக்கு எல்லாரும் ஆமா சொல்லுவாங்களான்னு கேக்கிறாரு."

"அந்தப் பால்காரர் சொல்லவே மாட்டாருங்க."

அதைக் கேட்டதும் கப்பல்காரர் முகத்தில் ஓர் ஆர்வம் தெரிந்தது. சண்டைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

மனைவி மறுபடி தேநீர் கொண்டு வந்து வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். "அந்த இடதுபக்கக் காதோரம் ஏறுமாறா இருக்கே, உங்க கண்ணுல படலியா? நாளைக்கு முதல் வேலையா அதைச் சரி பண்ணுங்க" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். சம்பந்தி என்றாலும் செக்கிங் செக்கிங்தான்.

பிறகு தேதி பார்க்கும் பேச்சு வந்தது. கப்பல்காரர் சுவரில் தொங்கிய காலண்டரைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கப்பல் புறப்படும் நாளைக் குறிப்பவர்போல விரலை ஓட்டி, ஒரு வெள்ளிக்கிழமையில் நிறுத்தினார். மாலை நேரம், நண்பர்கள் எல்லாம் வர வசதி என்றார்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை சாயந்திரம் எனக்குக் கிளாஸ் இருக்கு" என்றாள் பாப்பா இங்கிலீஷில். "அன்னிக்கு டெஸ்ட் வேற. தள்ளி வைக்க முடியாது."

கப்பல்காரர் வாயைத் திறந்தார். அவர் மெல்லத் திரும்பி ஆமாஞ்சாமியைப் பார்த்தார். ஆமாஞ்சாமியும் அவரைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ, எப்படியும் ஆட்டவில்லை.

கப்பல்காரர் விரலை அதே வெள்ளிக்கிழமை மேலேயே வைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார்.

"மார்னிங்" என்றார்.